அறுபத்தொன்றாவது நொடி

வாழப்பாடி சேகோ ஆலையில் கணக்கு எழுதுகிறேன்.
மூட்டை தொண்ணூறு கிலோ என்று இறக்குவார்கள்.
சாக்கு, தூசி, ஈரம் என்று கழித்துக்கொண்டே வந்து
மிஞ்சுவதற்குத்தான் நாங்கள் எடை என்று பெயர் வைத்திருக்கிறோம்.
அதனால் ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை
முதல் நாளே நான் நம்பவில்லை.

இருந்தும் பொன்னம்மாப்பேட்டை வீட்டுக்கு
ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் பேக்கேஜ் வந்தது.
நெட்டும் போனும் ஒரே கம்பியில்.
மாட்ட வந்த பையன்
“பேசிட்டே இருக்கலாம்க்கா, காசே கிடையாது” என்று
சுவரில் ஓட்டை போட்டுவிட்டுப் போனான்.

பிப்ரவரி பில்
எண்ணூற்று இருபத்திரண்டு ரூபாய் நாற்பத்தாறு காசு.

மொட்டை மாடியில், காயும் போர்வையின் நிழலில்
பேனாவோடு உட்கார்ந்து கீழிருந்து மேலே போனேன்.
ஜிஎஸ்டி நூற்று இருபத்தைந்து நாற்பத்தாறு. சரி.
மோடம் வாடகை ஐம்பது.
அயோத்தியாப்பட்டணம் சாலையில் குழி தோண்டியதில்
ஆறு நாள் லைன் செத்துக் கிடந்ததற்கும் சேர்த்து.
ஏற்காட்டுச் சித்தியிடம் பேசியவை பத்தொன்பது வரி,
ஒவ்வொன்றின் முடிவிலும் சுழி புள்ளி சுழி சுழி.
தலை நிமிர்ந்தால் அந்த மலை தெரிகிறது.
ஒரு காலத்தில் அதற்கே எஸ்டிடி.

மிச்சம் நாற்பத்தெட்டு ரூபாய்.

968 என்று தொடங்கும் எண்.
மூன்று அழைப்பு, ஒரே ராத்திரி.
2.07க்கு ஒன்பது நொடி.
2.09க்கு ஒன்பது நொடி.
2.13க்கு அறுபத்தொரு நொடி.

“இந்தியாவுக்குள்ளதான் மேடம் ஃப்ரீ.
மஸ்கட் நிமிஷத்துக்குப் பன்னண்டு.”
ஒன்பது நொடிக்கு?
“அதுவும் ஒரு நிமிஷம்தான் மேடம்.”
அறுபத்தொன்றுக்கு?
“ரெண்டு.”

ஒரே ஒரு நொடிக்குப் பன்னிரண்டு ரூபாய்.
ஒரு குருணை கூடியதற்கு
இன்னொரு மூட்டை என்று நான் எழுதினால்
முதலாளி என்னை ஆத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்.

“ஐஎஸ்டியைப் பூட்டச் சொல்லு” என்றார் மகுடீஸ்வரன்,
செய்தித்தாளிலிருந்து தலையெடுக்காமல்.
யார் பேசினது என்று கேட்கவில்லை.
பொங்கல் கழிந்து ஒற்றை சூட்கேஸோடு வந்திறங்கியவள்
அவர் தங்கை பூங்கோதை.
படுப்பது முன்னறையில். போன் இருப்பதும் முன்னறையில்.
அவள் செல்லை அந்த மனிதர் பிளாக் செய்துவிட்டாராம்.
எங்கள் வீட்டு எண் அவருக்குப் புதிது.

வேறு எப்படிக் கேட்பது என்று தெரியாமல்
போன் மேலே ஒரு சீட்டு ஒட்டினேன்:
‘968, நிமிடம் ரூ.12.
அறுபது நொடிக்குள் வைத்துவிடவும்.’

காலையில் அதன் கீழே பென்சிலில்:
‘ரெண்டு தடவை ஹலோ ஹலோன்னார், வச்சுட்டேன் அண்ணி.
மூணாவது தடவை அவரும் ஒண்ணும் சொல்லலை.
நானும் சொல்லலை. வைக்கவும் இல்லை.
கடைசியா சாப்ட்டியான்னார்.
அப்பத்தான் பயந்து வச்சேன்.’

நடுராத்திரி ரெண்டே காலுக்கு என்ன சாப்பாடு.
அங்கே பன்னிரண்டே முக்கால் இருக்கும்.

மறுபடி கஸ்டமர் கேர்.
ஒன்றை அழுத்தி, நான்கை அழுத்தி,
வீணையோ கீபோர்டோ ஏதோ ஒன்றைப் பத்து நிமிடம் கேட்டு
அந்தத் தொண்ணூற்றொன்பது ரூபாய் பேக்கைப் பற்றி விசாரித்தேன்.
போட்டால் மஸ்கட் நிமிடம் நான்கு ரூபாய்.
நிமிடத்துக்கு எட்டு மிச்சம்.
மாதம் பதிமூன்று நிமிடமாவது பேசினால்தான் கட்டுபடியாகும்.
பதிமூன்று நிமிடத்துக்கு அவர்களிடம் பேச்சு இருக்கிறதா,
சண்டையாகவாவது?
தெரியவில்லை. போடச் சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டு நோட்டைத் திறந்து
அந்தத் தொண்ணூற்றொன்பதை எந்தத் தலைப்பில் வைப்பது என்று
பால், கேஸ், பள்ளி வேன் எல்லாம் தேடிப் பார்த்து,
கை பழகின பழக்கத்தில்
‘ஈரம்’ என்று எழுதினேன்.

மகுடீஸ்வரன் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு,
“இதுக்கும் பதினெட்டு பர்சென்ட் போடுவான், சேர்த்து எழுது” என்றார்.